தடைக்குப் பின் சாரணர்: கிழக்கு ஐரோப்பாவும் நம் அம்பூரியும்



கம்யூனிச ஆட்சி முடிந்த நாடுகளில் சாரணர் இயக்கம் மறுபடி வளர்ந்த வரலாற்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். செக் நாட்டையும் போலந்தையும் விரிவாகச் சொல்வேன். மற்றவற்றைத் தொட்டுச் செல்வேன். இதைக் கேரள, தமிழ்நாட்டு எல்லையோர ஊரான அம்பூரியில் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் எண்ணம்.

1957 ஏப்ரல் 5ஆம் நாள் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பொறுப்பேற்றது. அதன்பின் இடதுசாரிகள் இங்கே பலமுறை ஆண்டிருக்கிறார்கள். அவர்களுக்கென்று சிறுவர் அமைப்பும் உண்டு. பாலசங்கத்தின் வேர் 1938 டிசம்பரில் கண்ணூர்ப் பக்கம் கல்யாசேரியில் ஊன்றப்பட்டது; பின்னாளில் முதலமைச்சரான ஈ.கே. நாயனார்தான் அதன் முதல் தலைவர். ஆனாலும் கேரளப் பள்ளிகளில் சாரணர் படை ஒருநாளும் கலைக்கப்படவில்லை. ஒரே பிள்ளை இரண்டிலும் இருந்தால் யாரும் குற்றம் சொன்னதில்லை. அதே 1957இல் செக் நாட்டின் பிராக் நகரில் சாரணர் அமைப்பே கிடையாது. அதன் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள்.

இரண்டு இடத்திலும் கொடி சிவப்புதான். இங்கே வாழ்ந்த இயக்கம் அங்கே ஏன் சாகடிக்கப்பட்டது? என் விடை இது: பிள்ளைகளுக்கு ஒரே அமைப்புதான் இருக்க வேண்டும், அது ஆட்சியின் கையில்தான் இருக்க வேண்டும் என்று எந்த அரசு முடிவு செய்கிறதோ, அந்த அரசின் கீழ் சாரணர் இயக்கம் பிழைக்காது. அந்த அரசின் நிறம் எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். இட்லரின் ஜெர்மனியிலும் முசோலினியின் இத்தாலியிலும் சாரணர் ஒழிக்கப்பட்டார்கள். ருமேனியாவில் கம்யூனிஸ்டுகள் வருவதற்குப் பத்தாண்டு முன்பே, 1937இல், மன்னர் இரண்டாம் கரோல் சாரணரைக் கலைத்துத் தன் சொந்த இளைஞர் அமைப்புக்குள் கரைத்துவிட்டார். உக்ரைனியச் சாரணர் அமைப்பான பிளாஸ்டை 1930இல் தடை செய்தது கம்யூனிஸ்ட் அல்லாத அன்றைய போலந்து அரசு. இதைச் சொல்லாமல் கம்யூனிஸ்ட் நாடுகளை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது.

நம் நாட்டிலும் தொடக்கம் நேராக இல்லை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களோடு பேடன் பவல் நடத்திய முகாமிலிருந்து இயக்கம் பிறந்தது. இரண்டே ஆண்டில், 1909இல், பெங்களூரில் கேப்டன் பேக்கர் ஒரு படை தொடங்கினார். ஆனால் அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் உரியதாக இருந்தது. இந்தியச் சிறுவனுக்கு வழிதேடவும் அணிவகுக்கவும் தலைமை ஏற்கவும் கற்றுக்கொடுத்தால் நாளை அவன் என்ன செய்வானோ என்ற அச்சம் அரசுக்கு. அந்தக் கதவை உடைத்தது சென்னை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்டும் அருண்டேலும் அடையாற்றை மையமாக வைத்து இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். அவர்களுடைய சாரணர் தலைப்பாகை அணிந்தார்கள். 1918இல் அலகாபாத்தில் மதன்மோகன் மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோரின் சேவா சமிதிச் சாரணர் தோன்றினர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்டின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. சேவா சமிதி தனியே நின்றது. விடுதலைக்குப் பிறகுதான், 1950 நவம்பர் 7இல், பாரத சாரணர் இயக்கமாக ஒன்றுபட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15இல் சாரணியரும் சேர்ந்தார்கள்.

இனி கிழக்கு ஐரோப்பாவுக்குப் போவோம். ருஷ்யாவில் 1909இலேயே சாரணர் படை இருந்தது. பாவ்லோவ்ஸ்க் பூங்காவில் ஒலெக் பந்துகோவ் என்ற இளம் படை அதிகாரி அதைத் தொடங்கினார். புரட்சிக்குப் பின் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். 1922 மே 19இல் பயனீர் என்ற கம்யூனிஸ்ட் சிறுவர் அமைப்பு பிறந்தது. லெனினின் துணைவியார் குரூப்ஸ்கயா கல்வியை ஆழ்ந்து பயின்றவர். சாரணர் முறை சிறுவர்களை எப்படி ஈர்க்கிறது என்பதை அவர் கூர்ந்து கவனித்தார். அந்த முறையை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றலாம் என்று வெளிப்படையாக எழுதினார். அப்படியே நடந்தது. கழுத்துத்துணி சிவப்பானது. முகாம்தீ இருந்தது. தயாராக இரு என்ற அழைப்புக்கு எப்போதும் தயார் என்ற பதில் இருந்தது. சோவியத் நூல்களைத் தமிழிலும் மலையாளத்திலும் படித்து வளர்ந்த என் தலைமுறைக்குப் பயனீர் என்ற சொல் நன்றாகத் தெரியும். அந்த முகாம்களில் லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் கடலையும் மலையையும் முதன்முதலாகப் பார்த்தார்கள் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பயனீரில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. எட்டுப் பேர் கொண்ட அணி தன் தலைவனைத் தானே தேர்ந்து, தன் வேலையைத் தானே முடிவு செய்து, தவறினால் தானே திருத்திக்கொள்ளும் சிறு உரிமை அது. மேலிருந்து வரும் திட்டத்தைக் கீழே நிறைவேற்றுவதே அங்கே அணியின் வேலையாயிற்று.

செக் நாட்டில் சாரணருக்கு யூனாக் என்று பெயர். நிறுவியவர் அன்டோனின் ஸ்வோய்சீக், உடற்பயிற்சி ஆசிரியர். 1911இல் இங்கிலாந்து சென்று பார்த்துவிட்டு வந்து, 1912 கோடையில் லிப்னிட்ஸே கோட்டைக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கில் பதின்மூன்று பிள்ளைகளோடு முதல் முகாமிட்டார். அந்த இயக்கம் மூன்று முறை அழிக்கப்பட்டது. 1940இல் நாஜிகள் தடை செய்தார்கள். போர் முடிந்த 1945இல் உயிர்பெற்றது. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின் படிப்படியாக இளைஞர் ஒன்றியத்துக்குள் கரைக்கப்பட்டது. 1968இல் பிராக் வசந்தம் என்ற சீர்திருத்தக் காலம் வந்தபோது மூன்றாவது முறை எழுந்தது. சோவியத் டாங்குகள் நுழைந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து 1970இல் மீண்டும் மூடப்பட்டது.

இதில் மனிதர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் போகக் கூடாது. டாக்மர் ஸ்காலோவா என்ற சாரணியர் தலைவி 1949 மே மாதம் ஆட்சிக்கெதிரான முயற்சி ஒன்றில் தன் படைப் பிள்ளைகளோடு பங்கெடுத்துப் பிடிபட்டார். ஆயுள் தண்டனை. 1965 வரை சிறை. ஆயுதக் கிளர்ச்சித் திட்டத்தில் சாரணப் பிள்ளைகளைச் சேர்த்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பதினாறு ஆண்டுச் சிறைக்குப் பிறகும் அவர் உறுதி குலையவில்லை என்பதை வணங்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொருவர் யாரோஸ்லாவ் ஃபோக்லர். 1907இல் பிறந்து 1999இல் மறைந்த எழுத்தாளர். ஐந்து நண்பர்களைப் பற்றி அவர் எழுதிய படக்கதைத் தொடர் செக் பிள்ளைகளின் உயிர். அதைப் படித்துவிட்டு நாடெங்கும் சிறுவர்கள் தாமே ஆயிரக்கணக்கில் குழுக்கள் அமைத்தார்கள். அவர் எழுத்தும் தடை செய்யப்பட்டது. ஆனால் பிராக்கில் தன் படையை அவர் விடவில்லை. நாஜிகள் காலத்திலும் கம்யூனிஸ்டுகள் காலத்திலும் சுற்றுலாக் குழு, விளையாட்டுக் குழு என்று வெளிப்பெயரை மாற்றி மாற்றி, ஏறத்தாழ அறுபது ஆண்டு நடத்தினார். அவர் மட்டும் இல்லை. 1970க்குப் பிறகு உடற்கல்விச் சங்கத்தின் கீழ் இளைஞர் சுற்றுலா அணிகள் என்ற ஏற்பாட்டில் பல சாரணர் படைகள் ஒதுங்கிக்கொண்டன. சில படைகள் பயனீர் பலகையின் கீழேயே பழைய முறையில் நடந்தன. சீருடை போயிற்று, சின்னம் போயிற்று, உறுதிமொழி போயிற்று. எட்டுப் பிள்ளைகளும் அவர்களுக்கு ஓர் அண்ணனும் ஒரு கூடாரமும் மிஞ்சினார்கள். அது போதுமானதாக இருந்தது.

போலந்தின் கதை இந்தியாவின் வழியாகப் போகிறது. இதை நம்மவர்கள் பலர் அறியார். 1939 செப்டம்பரில் மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் படைகளும் போலந்தைப் பங்கிட்டன. கிழக்குப் போலந்திலிருந்து குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்கும் கசக்ஸ்தானுக்கும் கடத்தப்பட்டார்கள். 1941இல் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கியபின் சோவியத் அரசும் போலந்தின் புலம்பெயர் அரசும் உடன்பட, அவர்களில் ஒரு பகுதியினர் வெளியேற விடப்பட்டனர். பெற்றோரை இழந்த, பசியில் மெலிந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளை 1942இல் ஜாம்நகர் மன்னர் திக்விஜய்சிங் ஏற்றுக்கொண்டார். கடலோரத்தில் பாலாச்சடி என்ற இடத்தில் முகாம் அமைத்தார். கோல்ஹாப்பூருக்கு அருகே வலிவாடேயில் 1943இல் இன்னும் பெரிய குடியிருப்பு எழுந்தது. சுமார் ஐயாயிரம் பேர் 1948 வரை அங்கே வாழ்ந்தார்கள். இரண்டு இடத்திலும் போலந்துச் சாரணர் படைகள் நடந்தன. நாடு இல்லாத, பலருக்குப் பெற்றோரும் இல்லாத அந்தப் பிள்ளைகள், குஜராத்தின் வெயிலிலும் மராட்டிய மண்ணிலும் அணிவகுத்து, முகாம்தீ மூட்டி, தம் மொழியில் பாடி வளர்ந்தார்கள். போருக்குப் பின் அவர்களின் ஊர்கள் சோவியத் எல்லைக்குள் போய்விட்டன. பலர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா என்று சிதறினார்கள். போன இடமெல்லாம் சாரணர் படை தொடங்கினார்கள். திக்விஜய்சிங்கின் நினைவாக வார்சாவில் இன்று ஒரு சதுக்கத்துக்கு நல்ல மகாராஜா என்று பெயர். பாலாச்சடியில் இப்போது சைனிக் பள்ளி நடக்கிறது.

தாய்நாட்டில் தங்கியவர்களுக்கு நேர்ந்தது வேறு. போலந்துச் சாரணர் நாஜி ஆக்கிரமிப்பின்போது சாம்பல் அணிகள் என்ற பெயரில் தலைமறைவாக இயங்கினார்கள். 1944 ஆகஸ்டு வார்சா எழுச்சியில் சிறுவர்கள் குண்டுமழைக்கு நடுவே கடிதங்களைச் சுமந்தார்கள். அதற்குச் சாரணர் களத் தபால் என்று பெயர். போரில் பிழைத்தவர்களை அடுத்து வந்த அரசு நம்பவில்லை. யான் ரொடோவிச் என்ற சாரண வீரர் 1949 ஜனவரியில் பாதுகாப்புத் துறையின் காவலில் இறந்தார். இயக்கம் கட்சி இளைஞர் அமைப்புக்குள் கரைந்தது. 1956இல் ஆட்சி சற்று நெகிழ்ந்தபோது, சாம்பல் அணிகளின் கதையை உலகுக்குச் சொன்ன அலெக்சாண்டர் கமின்ஸ்கி தலைமையில் அது திரும்பி எழுந்தது. ஈராண்டில் கட்சி மீண்டும் பிடியை இறுக்க, அவர் விலகினார்.

இங்கேதான் போலந்து, செக் நாட்டிலிருந்து வேறுபடுகிறது. செக் ஆட்சி சாரணரைத் தடை செய்தது. போலந்து ஆட்சி சாரணர் என்ற பெயரையும் சீருடையையும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததை மாற்றியது. பள்ளி வழியாக லட்சக்கணக்கான பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். உறுப்பினர் பட்டியல் வீங்கியது. 1980இல் சாலிடாரிட்டி என்ற தொழிற்சங்க இயக்கம் எழுந்த காலத்தில், சாரண ஆசிரியர்கள் பலர் போலந்துச் சாரணர் இயக்க நிறுவனர் அன்ஜெய் மவ்கோவ்ஸ்கியின் பெயரில் வட்டங்கள் அமைத்துப் பழைய முறைக்குத் திரும்பினார்கள். 1989 பிப்ரவரியில், ஆட்சி மாறும் முன்பே, தனிச் சங்கம் கண்டார்கள். பழைய சங்கமும் தன்னைச் சீர்திருத்திக்கொண்டு 1996இல் உலகச் சாரணர் அமைப்பில் மறுபடி இடம்பெற்றது.

இனி வளர்ச்சியைப் பற்றிப் பேசலாம். 1989 டிசம்பரில், கம்யூனிச ஆட்சியை வீழ்த்திய வெல்வெட் புரட்சி முடிந்தும் முடியாமலும், செக் சாரணர் நான்காம் முறையாக எழுந்தார்கள். அறுபதும் எழுபதும் வயதான பெரியவர்கள் ஒளித்துவைத்த கொடிகளோடு வந்தார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் வந்தார்கள். நடுவில் இருக்க வேண்டிய முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் குறைவு. இருபது ஆண்டுத் தடை ஒரு தலைமுறையையே விழுங்கியிருந்தது. தாத்தாக்களுக்கு 1945இல் இருந்தபடியே எல்லாம் வேண்டும். பேரன்களுக்கு வேறு உலகம் வேண்டும். இந்த உரசல் எல்லா நாட்டிலும் நடந்தது. 1933இல் கோடோல்லோவில் உலகச் சாரணர் பெருவிழாவான ஜாம்போரியை நடத்திய பெருமை கொண்ட ஹங்கேரியில், தடை நீங்கியதும் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் முளைத்தன; புலம்பெயர்ந்து இயக்கத்தைக் காத்தவர்களும் உள்ளே இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளக் காலம் பிடித்தது. ருஷ்யாவில் பிளவுகள் இன்னும் அதிகம். 2004இல்தான் உலக அமைப்பில் அதற்கு இடம் கிடைத்தது.

எண்ணிக்கையைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். போலந்தில் கட்டாயம் நீங்கியதும் பட்டியல் பெருமளவு சுருங்கியது. செக் நாட்டில் தொண்ணூறுகளின் முதல் உற்சாகம் தணிந்தபின் கூட்டம் குறைந்தது. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. விரும்பாமல் வந்தவர்கள் போனார்கள், விரும்பியவர்கள் தங்கினார்கள். அந்த அடித்தளத்தின் மேல், ஏறத்தாழ 2010 முதல், செக் சாரணர் ஆண்டுதோறும் வளர்ந்து வருகிறார்கள். இன்று எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். கேரள மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உள்ள நாடு அது. சேர விரும்பும் பிள்ளைகளுக்குப் பல ஊர்களில் காத்திருப்புப் பட்டியல் இருக்கிறது. இடமோ பணமோ பெரிய தடையாக இல்லை. நடத்த ஆள் போதவில்லை.

யார் நடத்துகிறார்கள்? பெரும்பாலும் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள இளைஞர்கள். சம்பளம் இல்லை. வாரம் ஒருநாள் கூட்டம், மாதத்தில் ஒரு வார இறுதி நடைப்பயணம், கோடையில் இரண்டு மூன்று வாரம் புல்வெளியில் முகாம். கூடாரத்துக்கு மரச்சட்டம், சமையல்கூடம், உணவு மேசை எல்லாம் பிள்ளைகளும் அண்ணன்மாரும் சேர்ந்து அமைப்பது. பத்து வயதில் சேர்ந்தவன் பதினைந்தில் அணித் தலைவன். பதினெட்டில் தேர்வெழுதிப் படைத் தலைவன். முகாமுக்கு வரும் சின்னவனுக்குப் பெரியவன் ஆகும் ஆசை அங்கேயே பிறக்கிறது. வாழை தன் கன்றைத் தன் காலடியிலேயே ஈன்றுவிட்டுச் சாய்வது மாதிரியான ஏற்பாடு இது. தடைக்காலத்தில் உயிரைக் காத்ததும் இதுதான், தடைக்குப் பின் வளர்த்ததும் இதுதான்.

நம் பக்கம் திரும்புகிறேன். நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அமைப்புகள் நிறைய. சாரணர், இளையோர் செஞ்சிலுவை, 2010இல் கேரளத்தில் தொடங்கிய மாணவர் காவல் படை என்று பல. ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நம் பிள்ளைக்கு உண்டு. அந்த உரிமைக்காகப் பிராக்கில் மனிதர்கள் சிறை சென்றார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் மணப்பாறையில் நடந்த தேசிய வைரவிழா ஜாம்போரிக்கு நாடெங்குமிருந்து சாரணர் திரண்டார்கள். அரசு முன்னின்று செலவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் 2017இல் தமிழ்நாட்டுச் சாரணர் தலைவர் தேர்தல் பெரிய அரசியல் செய்தியானதையும் நாம் பார்த்தோம். எந்தக் கட்சியும் இந்தக் கழுத்துத்துணியைத் தன் நிறத்துக்கு மாற்ற நினைக்கக் கூடாது. அரசு உதவலாம், உடைமையாக்கக் கூடாது.

நம்முடைய பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. நம் சாரணர் இயக்கம் ஏறக்குறைய முழுக்கப் பள்ளிக்குள் அடைந்து கிடக்கிறது. ஆசிரியர் மாற்றலானால் படை படுத்துவிடுகிறது. ராஜ்ய புரஸ்கார் விருது வாங்கினால் கிரேஸ் மார்க் உண்டு என்பதால் சேர்ந்து, மார்க் கிடைத்ததும் சீருடையை மடித்துவைக்கும் பிள்ளைகளை இங்குள்ள ஆசிரியர்கள் அனைவரும் அறிவீர்கள். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன்; நாம் வைத்த வழி அது. போலந்தின் வீங்கிய பட்டியல் நமக்கு எச்சரிக்கை. பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை அண்ணனாக, அக்காவாகத் திரும்பி வர நம்மிடம் இடம் இல்லை. மூத்த இளைஞர்களுக்கான திரிசாரணர் குழுக்கள் ஏட்டில் இருக்கின்றன. கிராமத்தில் எத்தனை இருக்கின்றன?

அம்பூரிக்குச் சாரணர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2001 நவம்பர் 9ஐ நினைவுபடுத்துகிறேன். அந்த இரவின் நிலச்சரிவில் முப்பதுக்கும் மேற்பட்டோரை இந்த ஊர் இழந்தது. அந்தத் துயரைச் சுமக்கும் குடும்பங்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். அவர்கள் முன் அடக்கத்தோடு சொல்கிறேன். மலைச்சரிவில் எந்த விபத்திலும் முதலில் கை கொடுப்பவர் அக்கம்பக்கத்தார்தான். அந்தக் கைகளுக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கம்பும் சட்டைகளும் கொண்டு தூக்குக்கட்டில் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். மழை எவ்வளவு பெய்கிறது என்று அளந்து சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கும்பிச்சல் கடவுப் பக்கம் நெய்யாறு நீர்த்தேக்கக் கரையில் உள்ள குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு நீச்சலும் கயிறெறிந்து காப்பதும் உயிர்க்கலை. இவை எல்லாம் சாரணர் பாடத்தில் எப்போதும் இருப்பவை.

இன்னொன்று. பேடன் பவல் வழித்தடம் பார்க்கும் கலையை ஆப்பிரிக்க மண்ணின் மக்களிடமிருந்தும் கற்றார். நம் அருகே அகத்தியமலைக் காட்டை உள்ளங்கைபோல் அறிந்த காணிக்காரப் பழங்குடியினர் இருக்கிறார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் பயனை ஆய்வாளர்களுக்குக் காட்டியவர்கள் அவர்கள்தான். அவர்களின் பிள்ளைகளைப் படையில் சேர்ப்பதோடு நில்லாமல், அவர்களின் பெரியவர்களைப் பயிற்சி ஆசான்களாக அழைக்க வேண்டும். கேரள, தமிழ்நாட்டு எல்லைக் கோட்டின் இருபுறமும் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர்கள் இவை. 1956இல் வரைந்த கோடு அரசுகளுக்கு உரியது. முகாமில் அம்பூரிப் பிள்ளையும் எல்லைக்கு அப்பாலுள்ள பத்துகாணிப் பிள்ளையும் ஒரே அணியில் இருக்கலாம்.

எனவே என் வேண்டுகோள். பள்ளிக்கு வெளியே, ஊருக்குச் சொந்தமான திறந்த படை ஒன்று அம்பூரியில் தொடங்க வேண்டும். எட்டுப் பிள்ளைகள் போதும். பயிற்சி பெற்ற இரண்டு பெரியவர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் போதும். இருமொழியிலும் நடக்கட்டும். கிரேஸ் மார்க் பற்றி அங்கே பேச்சே வேண்டாம். அடிப்படைப் பயிற்சிக்கு நெய்யாற்றின்கரை கல்வி மாவட்டச் சாரணர் சங்கத்தை அணுகலாம். பள்ளியில் சாரணராக இருந்து, இப்போது ரப்பர் வெட்டியோ ஆட்டோ ஓட்டியோ கல்லூரிக்குப் போயோ வரும் இளைஞர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் நிற்கும் சாரண ஆசிரியரிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.